கடல் இல்லாத நாட்டிலிருந்து ஒரு விடுமுறை

“...சந்தோசமாய்ப் போறம் எண்ட மாதிரி எழுது. செத்த வீட்டுக் கடிதம் மாதிரி எழுதாதை. ஆக்கள் நாலு பேர் எண்டு போடு. நானும் போறன்” என்று கிளாக்கர் சொன்னதும் நான் பேனையைக் கீழே வைத்துவிட்டேன்.

ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்தவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். மொன்றியலில் அவருடைய வேலை தட்டுக் கழுவுவது. டோர்வல் விமான நிலையத்தில், விமானங்களிலிருந்து இறங்கி வரும் சாப்பாட்டுத் தட்டுகள். எண்பதுகளின் நடுப்பகுதி அது. பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடி வீடொன்றில் அவரும் நானும் மட்டக்களப்புக்காரன் ஒருவனுமாக இருந்தோம். மூவரும் அகதிக் கோரிக்கை கொடுத்துவிட்டு விசாரணைக்குக் காத்துக் கிடந்தோம். பாஸ்போர்ட்டுகளை இமிகிரேஷனில் வாங்கி வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு தாளைத் தந்திருந்தார்கள். அந்தத் தாளோடு ஆற்றுக்கு அக்கரையில் புரோசார்ட் வரைக்கும் போகலாம். அதோடு கிளாக்கர் தென்னாபிரிக்காவுக்கு எப்படிப் போவது?

கிளாக்கரின் அண்ணன், மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளுமாக லெசோத்தோவில் இருந்து கணக்குப் படிப்பித்தவர். ஓகஸ்ட் மாதம் வகுப்பில் நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், அவ்வளவுதான். கூடப் படிப்பித்த வாத்திமார் விறகு அடுக்கி எரித்தார்கள். சாம்பலை அண்ணி ஒரு பால்மாத் தகரப் பேணியில் போட்டு மூடி வைத்திருந்தார். முப்பத்தோராம் நாளுக்குள் அது கடலில் சேர்ந்திருக்க வேண்டும். லெசோத்தோவுக்குக் கடல் இல்லை. நாலு பக்கமும் தென்னாபிரிக்காதான். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் அவர்களுடைய விசா வேண்டும்.

அண்ணி நேர்மையான மனுசி. விசாத் தாளில் ‘பயணத்தின் நோக்கம்’ என்று கேட்ட இடத்தில், ‘கணவரின் சாம்பலைக் கடலில் கரைக்க’ என்று எழுதிவிட்டார். அதற்குப் பிறகு டொக்டரின் கடிதம், சுகாதாரப் பகுதியின் கடிதம், பேணிக்கு ஒரு சீல் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். முப்பத்தோராம் நாள் போய்விட்டது. பேணி அலுமாரித் தட்டிலேயே இருந்தது.

“எல்லையிலை நிக்கிறவனுக்கு உண்மையைச் சொல்லலாமே? இவ்வளவு தூரம் வந்த எங்களுக்குத் தெரியாதோ அது?” என்றார் கிளாக்கர். அவர் வாயைத் திறந்தால் எனக்கு எழுதி வைக்கத் தோன்றும். “அழுதுகொண்டு வாறவனை மறிப்பான். சிரிச்சுக்கொண்டு வாறவனைப் போ எண்டுவான்.”

ஆகவே இரண்டாம் முறை உல்லாசப் பயணம். எந்த ஹோட்டல், எத்தனை நாள், என்னென்ன பார்க்கப் போகிறீர்கள் என்று ஒரு புரோகிராம் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். “தம்பி, நான் என்ன உல்லாசத்தைக் கண்டன்? நீங்களே எழுதி அனுப்புங்கோ” என்று அண்ணி, அண்ணன் படிப்பித்த பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் வீட்டிலிருந்து ஃபோனில் சொல்லிவிட்டார். பேப்பர் வாசித்து வாசித்தே நான் பிடித்த இங்கிலிஷ் அந்த வீட்டில் பெரிய படிப்பு. எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

எங்கள் மூவரில் ஒருவரும் ஆயுளில் விடுமுறைக்கென்று ஒரு கடற்கரைக்குப் போனதில்லை. எங்களுக்குக் கடற்கரை மீன் வாங்குகிற இடம், சாம்பல் கரைக்கிற இடம். கடைசி வருசங்களில், இருட்டில் வள்ளம் ஏறித் தப்புகிற இடம். அங்கே போய் மூன்று நாள் என்ன செய்வார்கள்?

ஜோன் தலோன் தெருவில் பயண டிக்கெட் விற்கிற கிரேக்கப் பெண் ஒருத்தி இருந்தாள். சப்பாத்துப் பனியைத் தட்டிவிட்டு உள்ளே போனோம். அவள் கேப் டவுன் படத்தை விரித்தாள். மலை, வெள்ளை மணல், குடைகள். அழகான இடம்தான்.

“இது எந்தச் சமுத்திரம் எண்டு கேள்” என்றார் கிளாக்கர்.

கேட்டேன். அத்திலாந்திக் என்றாள்.

“வேண்டாம். இந்து சமுத்திரப் பக்கம் காட்டச் சொல்லு.”

இதுவரை எந்தச் சமுத்திரம் என்று கேட்டு ஒருவரும் டிக்கெட் எடுத்ததில்லை என்று அவள் சிரித்தாள். அந்தப் பக்கம் தண்ணீர் சூடு, அதற்காகத்தானே என்று கேட்டாள்.

“ஓம் எண்டு சொல்லு. சூட்டுக்குத்தான்.”

வெளியே வந்தபிறகுதான் விளக்கம் சொன்னார். லெசோத்தோவில் ஆறு இருக்கிறதே, ஆற்றில் விட்டால் என்ன என்று அண்ணியிடம் பலர் கேட்டார்களாம். ‘அந்த ஆத்திலை அவர் தனிச்சுப் போவார். இந்து சமுத்திரம் எண்டால் எங்கட ஊரிலை சாம்பல் கரைக்கிற கீரிமலைக் கடலோடை தொடுப்பு’ என்றாராம் அண்ணி.

இந்து சமுத்திரக் கரையில் டர்பன் நகரம் என்று முடிவாயிற்று. குசினி மேசையில் இருந்து எழுதினோம். முதல் நாள் ஹோட்டல், தேநீர், கடற்கரையில் நடை. இரண்டாம் நாள் காலை ஆறு மணிக்குக் கடல் குளியல்.

மட்டக்களப்புக்காரன் வெங்காயம் வெட்டிக்கொண்டே குறுக்கிட்டான். “ஆறு மணி எண்டு எழுதாதிங்க அண்ணே. உல்லாசமாப் போறவன் வெயில் ஏறின பிறகுதான் எழும்புவான். பத்து எண்டு போடுங்க.”

பத்து என்று மாற்றினேன்.

“பிள்ளைகளுக்கு மண் அள்ளி விளையாடுற வாளி ஒண்டு வாங்கச் சொல்லுங்க. பேணிய அதுக்குள்ள வெச்சுட்டா எவன் பாக்கப் போறான்?”

கிளாக்கர் அவனை நிமிர்ந்து பார்த்தார். கையை ஓங்கப் போகிறார் என்றே நினைத்தேன். அவன் கத்தியைக் கீழே வைத்தான். “அண்ணிக்குச் சொல்லுவம்” என்றார் கிளாக்கர்.

இரண்டு கிழமையில் டிக்கெட் கடையிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. டர்பன் ஹோட்டல் படத்தில் இருந்த கரை வெள்ளைக்காரருக்கு மட்டுமாம். எங்கள் நிறத்து ஆட்களுக்குக் கரை வேறாம்.

“கடலையும் பங்கு பிரிச்சிட்டானுகளா?” என்றான் மட்டக்களப்புக்காரன்.

“தண்ணியைப் பிரிக்கேலாது. எங்கை இறக்கினாலும் அண்ணை போயிடுவார்” என்றார் கிளாக்கர்.

புரோகிராம் தபாலில் போனது. அதன்பிறகுதான், கனடாவை விட்டுப் போகலாமா என்று கேட்க, எங்கள் அகதிக் கோரிக்கையைப் பார்த்த வக்கீலிடம் போக அவர் சம்மதித்தார். மொழிபெயர்க்க நானும் போனேன். வக்கீல் பொறுமையாகக் கேட்டார். போவதைத் தடுக்க முடியாது, ஆனால் கனடாவை விட்டு வெளிக்கிட்டால் கோரிக்கையைக் கைவிட்டதாகவே எடுப்பார்கள், திரும்பி வர வழி இல்லை என்றார். கிளாக்கரின் மனைவியும் மகனும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் அந்த ஃபைலை நம்பித்தான் இருந்தார்கள். எனக்கு அதைத் தமிழில் சொல்ல வாய் வரவில்லை. “விளங்கினது, சொல்ல வேண்டாம்” என்றார் அவர். வக்கீலுக்குப் பிரெஞ்சில் ஒரு மெர்சி சொல்லிவிட்டு எழுந்தார்.

பஸ்சில் வரும்போது ஒரே ஒரு வசனம்தான் பேசினார். “செத்தவருக்குப் போனால் இருக்கிறவளை விடவேணும்.”

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஃபோன் அடித்தது. தூரத்து ஃபோனில் எல்லோரும் கத்தித்தான் கதைப்பார்கள். அண்ணியின் குரல் குசினி வரைக்கும் கேட்டது. விசா கிடைத்துவிட்டதாம். வெள்ளிக்கிழமை புறப்படுகிறார்களாம். “நீங்கள் எண்டைக்கு வந்து இறங்குறியள், தம்பி?”

“வரேலாது அண்ணி.”

 “அப்ப ஆர் செய்யிறது? ரெண்டும் பொம்பிளைப் பிள்ளையள்” என்றார் அண்ணி.

“மூத்தவளைக் கூப்பிடுங்கோ.”

“அவளுக்குப் பேணியைப் பற்றி ஒண்டும் தெரியாது. எல்லையிலை கேட்டால் தடுமாறக் கூடாதெண்டு, விடுமுறைக்குப் போறம் எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறன்.”

“சொல்ல வேண்டாம். கூப்பிடுங்கோ.”

பன்னிரண்டு வயதுப் பிள்ளை. அவளும் கத்தினாள். “சித்தப்பா! நாங்கள் கடலுக்குப் போறம்!”

“ஓம் மகள், அறிஞ்சனான். உனக்கு ஒரு விளையாட்டுச் சொல்லித் தாறன், கேள். நானும் உன்ர அப்பாவும் ஒருக்கால் எங்கட ஊர்க் கடலிலை செய்தது. அம்மா உன்னட்டை ஒரு பொதி தருவா. அதை இடது தோளிலை வை. முழங்கால் தண்ணிக்குப் போ. போய், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நில். அம்மா சொன்ன உடனை பின்பக்கமாய் விட்டிடு. பேந்து கரைக்கு நடக்கவேணும். திரும்பிப் பாக்கக் கூடாது.”

“பாத்தால்?”

“பாத்தால் தோல்வி.”

“பெரிய அலை வந்தால்?”

“வரட்டும்.”

“தங்கச்சி கூப்பிட்டால்?”

“கூப்பிட்டாலும் பாக்காதை, மகள்.”

 வெங்காயம் அடுப்பில் கருகிக்கொண்டிருந்தது. மட்டக்களப்புக்காரன் அதை இறக்காமல் கரண்டியோடு நின்றான். அவள் மறுபடி பேசியபோது கத்தவில்லை. என்ன சொன்னாள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை.

“ஓம்” என்றார் கிளாக்கர். பிறகும், “ஓம்.” பிறகு, “திருப்பிச் சொல்லுறன். நீயும் என்னோடை செய்து பார்” என்றார்.

ரிசீவரை வலது காதில் வைத்துக்கொண்டு, இடது கையைத் தோள் வரைக்கும் உயர்த்தினார். சுவருக்கு முதுகைக் காட்டி நின்றார். கையை மெல்லப் பின்னால் விரித்தார். பிறகு, சுருள் வயர் நீண்டு நீண்டு இனி இல்லை என்று இழுபடுமட்டும் வாசல் பக்கமாக நடந்தார். அங்கேயே நின்றார், திரும்பாமல்.