டம்ளருக்கு அடியில் ஒரு பகடை

தென்காசியில் நான் நடத்தும் கணக்கு டியூஷன் சென்டருக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் பிள்ளைகள் வருவதில்லை. பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளி, நடுவில் ஒரு மேசையைப் போட்டு, நாங்கள் நான்கு பேர் அங்கே விளையாடுவோம். பகடையும் பேச்சும் வைத்து ஆடுகிற கற்பனை விளையாட்டு. ஒருவர் கதையை நடத்த வேண்டும். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, காட்டுக்குள் போவதா, அரக்கனோடு மோதுவதா என்று முடிவு செய்வார்கள். அந்த முடிவு பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். கதையை நடத்துவது நான்.

மற்ற மூவரில் ஒருத்தி என்னோடு கல்லூரியில் படித்தவள், இலத்தூரில் தையல்கடை வைத்திருக்கிறாள். இன்னொருவன் செங்கோட்டையில் செல்போன் ரிப்பேர் கடை நடத்தும் தம்பி. மூன்றாமவர் அந்தத் தையல்கடைத் தோழியின் கணவர், போலீஸ் ஏட்டு. அவர் விளையாட வந்தவரே இல்லை. முதல் நாள் மனைவியை பைக்கில் கொண்டுவந்து விட்டவர், மேசையில் கிடந்த பகடைகளைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“டீச்சர், இது துட்டு வச்சு ஆடுததா?”

“இல்ல அண்ணாச்சி, சும்மா கதைதான்.”

“கதைக்கு என்னத்துக்கு இத்தன பகடை?”

நான் சொன்ன விளக்கம் அவருக்குப் போதவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்து ஆட்டம் முடியும்வரை ஒவ்வொருவர் கையையும் பார்த்துக்கொண்டிருந்தார். மறு வாரமும் அப்படியே. சும்மா பார்க்கிறவருக்கு ஒரு வேடத்தைக் கொடுத்துவிடுவோம் என்று அவரைக் கொல்லனாக்கினேன், மந்திர ஆயுதம் செய்யத் தெரிந்த கொல்லன். அவர் மனைவி அந்தக் கொல்லனுக்குத் துணையாள், வேண்டிய பொருளைத் தேடிக் கொண்டுவருகிறவள்.

கொல்லன் வந்தபிறகுதான் எனக்கு வேலை வந்தது. எங்களிடம் இருந்த விதிப்புத்தகத்தில், மந்திரப் பொருள் செய்ய இத்தனை பொற்காசு, இத்தனை நாள் என்று மட்டும் போட்டிருந்தது. மளிகைக்கடையில் சாமான் வாங்குவது மாதிரி. அதைத் தள்ளிவிட்டு நானே எழுதினேன். ஒரு வாள் செய்ய உலோகம் வேண்டும். உயிருள்ள ஏதோ ஒன்றிடம் கேட்டு வாங்கிய சாரம் வேண்டும். இரண்டும் சேரும் பக்குவத்துக்குக் கொல்லன் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். எண் பெரிதாக விழுந்தால் வாள் தயார், சிறிதாக விழுந்தால் பொருளில் பாதி பாழ்.

பாழாய்ப் போனதும் எல்லோரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்காரக்கூடாதே என்று இன்னொரு விதியும் சேர்த்தேன். கொல்லனும் துணையாளும் உலைக்கு முன்னால் உட்கார்ந்து, எங்கே தப்பு நடந்தது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும். சொன்னது எனக்குப் பொருத்தமாகப் பட்டால் அடுத்த முயற்சியில் எண்ணோடு இரண்டைக் கூட்டிக்கொள்ளலாம். இந்த விதியில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

ஆனால் வாள் ஆகவே இல்லை.

ஒவ்வொரு தோல்விக்கும் இரண்டு கூடுகிறது. தொடர்ந்து தோற்பது வரவர அரிதாக வேண்டும். கணக்குச் சொல்லிக்கொடுப்பவளுக்கு அது உறுத்தாமல் இருக்குமா? நான் அவர் கையைக் கவனிக்க ஆரம்பித்தேன். சண்டை வந்தால் பகடையை மேசைமேல் எல்லோரும் பார்க்க உருட்டினார். உலை என்றால் மட்டும், டீ குடித்த எவர்சில்வர் டம்ளருக்குள் போட்டுக் குலுக்கிக் கவிழ்த்து, ஓரத்தைத் தூக்கித் தான் மட்டும் பார்த்தார். “நாலு” என்றார். மற்றவர்கள் எட்டிப் பார்ப்பதற்குள் பகடை அவர் கைக்குள் போயிருந்தது.

அன்று கணவனும் மனைவியும் கிளம்பியதும் செங்கோட்டைத் தம்பி என் பக்கம் சாய்ந்தான்.

“அக்கா, அண்ணாச்சி கள்ளம் பண்ணுதாரு.”

“தோக்கதுக்கு எவனாவது கள்ளம் பண்ணுவானாலே?”

“அதான் எனக்கும் பிடிபடல. ஆட்டத்தக் கெடுக்கணும்னே வாராரோ என்னமோ.”

எனக்கு வேறொரு சந்தேகம் இருந்தது. போன வருசம் குற்றாலச் சீசனில் என் தோழியின் அப்பா சுரண்டையில் இறந்துபோனார். அன்று அருவியில் வெள்ளம், கூட்டமும் அதிகம், ஏட்டுக்கு அங்கே டியூட்டி. எல்லாம் முடிந்தபிறகுதான் வந்து சேர்ந்தார். “அப்பாவத் தூக்குனப்புறம் வந்தாரு” என்று அவள் என்னிடம் ஒரே ஒருமுறை சொன்னாள். அதற்குப்பின் வீட்டில் இருவருக்கும் இடையே தேவைக்கு மட்டும்தான் பேச்சு என்று எனக்குத் தெரியும். அந்த மௌனத்துக்கு இவர் இப்படிப் பழிவாங்குகிறாரோ? கதையில் அவள்தான் மலை ஏறுகிறாள். குகைக்கரடியிடம் கெஞ்சி அதன் மூச்சைக் குப்பியில் பிடித்து வருகிறாள். அதைக் கொண்டுபோய் இவர் உலையில் கருக்குகிறார்.

அதிலும் ஒரு இடம் இடித்தது. அவள் கோபப்படவே இல்லை. கூடுதலாகத் துட்டு கேட்கும் ஆட்டோக்காரரைத் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கேள்வி கேட்பவள், மூன்று வாரத் தேடல் கருகிப்போனதும், “சரி, தப்பச் சொல்லுங்க” என்று நாற்காலியை அவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“நான் வர லேட்டாயிட்டு. உலை ஆறிட்டு.”

“ஆள் விட்டுச் சொல்லியிருக்கலாம்லா.”

“சொல்லியிருக்கலாம். பாலம் தண்ணில முங்கிட்டு. யாரையும் அனுப்ப முடியல.”

அவர் சொல்லும் தப்பு எப்போதும் இதே மாதிரிதான் இருந்தது. ஒருமுறை பாலம், ஒருமுறை கோட்டைக்கதவு, ஒருமுறை தளபதி போகவிடவில்லை. எப்படியும் கொல்லன் தாமதமாகத்தான் வந்தான். மனுசனுக்குக் கற்பனையே கிடையாது என்று நினைத்துக்கொண்டு இரண்டைக் கூட்டிக் கொடுத்தேன். இரண்டு பேரும் சேர்ந்து என் விதியைக் கேலி செய்கிறார்களோ என்றும் ஒரு நினைப்பு ஓடியது.

கடைசியில் விதியை மாற்றினேன். இனி சின்ன எண் விழுந்தாலும் பொருள் பாழாகாது, வாள் ஏதாவது ஒரு குறையோடு உருவாகிவிடும், யாரும் உட்கார்ந்து தப்புச் சொல்ல வேண்டாம். பொய் சொல்வதில் அவருக்கு லாபமே இல்லாமல் செய்துவிட்டதாக எண்ணம். நான் இதைச் சொன்னதும், எந்த விதியைப் பற்றியும் வாய் திறக்காத ஏட்டு நிமிர்ந்தார்.

“பழசே நல்லாத்தான் இருந்துச்சு.”

“பழசுல நீங்க ஒரு தடவகூட ஜெயிக்கலையே அண்ணாச்சி.”

என் தோழி தன் பகடைகளைப் பைக்குள் போட்டு நாடாவை இழுத்தாள். அன்று ஆட்டம் சீக்கிரமே முடிந்துவிட்டது.

சீசன் தொடங்கி சாரல் விழுந்துகொண்டிருந்த சமயம். வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரர்களை ஐந்தருவிக்குக் கூட்டிப்போனேன். தண்ணீர் அதிகம் என்று குளிக்க விடவில்லை. தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் விசிலோடு நின்றது நம் ஏட்டுதான். சட்டை தெப்பமாக நனைந்திருந்தது. மாற்று ஆள் வந்ததும் என்னைப் பார்த்து டீக்கடைப் பக்கம் வந்தார். இதைவிட்டால் சமயம் வராது என்று கேட்டுவிட்டேன்.

“அண்ணாச்சி, பகடையில நெசமாவே நாலுதான் விழுந்துச்சா?”

டீயை ஊதினார். “கம்ப்ளைன்ட் யாரு குடுத்தா?”

“யாரும் குடுக்கல. நான்தான் கேக்கேன்.”

“பாத்த சாட்சி இருக்கா?”

“இல்ல.”

“அப்பம் கேசு நிக்காது டீச்சர்.” சிரித்தார். பிறகு சிரிப்பு இல்லாமல், “அந்தப் பழைய ரூலக் கொண்டாந்திருங்க” என்று சொல்லிவிட்டு, பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுக் கூட்டத்துக்குள் போனார். பொய் சொல்கிறார் என்பதில் இனி எனக்குச் சந்தேகமே இல்லை. ஏன் என்பதுதான் பிடிபடவில்லை.

அந்த வாரமே என் தோழி டியூஷன் சென்டருக்கு வந்தாள். தைத்துவைத்திருந்த என் ஜாக்கெட்டைக் கொடுக்க வந்ததாகச் சொன்னாள். கொடுத்தபிறகும் உட்கார்ந்திருந்தாள்.

“ஏட்டி, ரூல ஏன் மாத்துன?”

“உன் வீட்டுக்காரரு எண்ணப் பொய்யாச் சொல்லுதாரு. அதான்.”

“தெரியும்.”

“எப்பருந்து?”

“முதத் தடவையிலருந்தே. பொய் சொன்னா அவருக்குக் காது செவந்திரும்.”

எனக்கு எரிச்சல் வந்தது. “அப்பம் நீ ஏன் சும்மா இருந்த? நீ தேடிக் கொண்டாந்ததத்தான கருக்குதாரு?”

ஜாக்கெட் சுற்றி வந்த பேப்பரை மடித்துக்கொண்டே இருந்தாள். “அப்பா செத்த அன்னைக்கி என்ன நடந்துச்சுன்னு வீட்ல அவரு எத்தனையோ தடவ சொல்ல வந்தாருட்டி. வாயத் தொறந்தாலே நான் எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிருவேன். இங்கன அப்படிப் போக முடியாதுல்லா. உன் ரூலு. உக்காந்து கேக்கணும்.”

முங்கிய பாலமும், போகவிடாத தளபதியும், ஆறிப்போன உலையும் அப்போதுதான் எனக்கு விளங்கின. அடுத்தவர் வீட்டு அறைக்குள் தெரியாமல் நுழைந்து நடுவில் உட்கார்ந்துகொண்டு, அவர்கள் பேசுவதற்கு மார்க் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

“கோவம் போயிட்டா?” என்று கேட்டேன்.

“போகல. கேக்கணும்போல இருக்கு, அவ்வளவுதான்.”

ஞாயிற்றுக்கிழமை பழைய விதியைத் திரும்பக் கொண்டுவந்தேன். கணக்கில் தப்பு இருந்தது என்று காரணம் சொன்னேன். தம்பி நம்பவில்லை. இப்போது அவனுக்கு என்மேலும் சந்தேகம். ஏட்டு உருட்டினார், பார்த்தார், “ரெண்டு” என்றார். நான் அவர் காதைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடுபட்டேன்.

“இன்னைக்கித் தப்ப நான் சொல்லுதேன்” என்றாள் என் தோழி. “கொல்லன் வந்து வாசல்ல நின்னாரு. மழைல நின்னாரு. நான் உள்ள இருந்துக்கிட்டே கதவத் தெறக்கல.”

ஏட்டு டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தார். தம்பி எதையோ கேட்க வாயெடுத்தான். மேசைக்கு அடியில் அவன் காலை மிதித்தேன்.

“நான் தட்டியிருக்கணும்,” என்றார் ஏட்டு. “தட்டாம நின்னுட்டேன்.”

இரண்டைக் கூட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டீ வாங்கி வருகிறேன் என்று தம்பியையும் இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள், கொல்லனும் இல்லை, உலையும் இல்லை, சுரண்டை வீட்டைப் பற்றி.

அடுத்த ஞாயிறு அவர்கள் வரவில்லை. மதியம் அவளிடமிருந்து போன் வந்தது. அப்பாவின் முதல் வருசத் திதிக்காகச் சுரண்டையில் இருந்தாள்.

“அவரும் வந்திருக்காருட்டி. காலைலயே வந்துட்டாரு.”

“சீசன் நேரத்துல லீவு குடுத்தாங்களா?”

“குடுத்தாங்கன்னுதான் சொல்லுதாரு,” என்றாள். கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினாள். “எனக்கு நம்பிக்க இல்ல. சாப்பாட்டுக்கு அப்புறமா உக்கார வச்சுக் கேக்கணும்.”