ஆவணியில் வேலையில்லாதவர்

"எந்த மாசம் சார்?" என்று அத்தான் கேட்டதும், அப்பாவின் வாய்க்குப் போய்க்கொண்டிருந்த காப்பி டம்ளர் பாதி வழியில் நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அன்றைக்கு அவர் எங்களுக்கு அத்தான் இல்லை. "ஒருத்தர் வருவார், பேசிப் பாருங்கப்பா" என்று சொல்லிவிட்டு அக்கா அடுக்களைக்குள் போய் ஒளிந்துகொண்டாளே, அந்த ஒருத்தர். கல்கத்தா கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுப் பிரம்பு நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். அப்பா கேட்டது எல்லாப் பெண்வீட்டாரும் கேட்கிற கேள்விதான்: "போட்டோ எடுக்கதுல மாசம் எவ்வளவு தம்பி வரும்?" அதற்கு ஒரு தொகையைச் சொல்லலாம். கொஞ்சம் கூட்டிக்கூடச் சொல்லலாம், நாங்களே கழித்துக்கொள்வோம். எந்த மாசம் என்று திருப்பிக் கேட்கிற ஆளை என்ன செய்வது? அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். அவர் அப்படி வைத்தால் விசாரணை ஆரம்பம் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அப்பா ரயில்வேயில் விஜிலன்ஸ் பிரிவில் இருந்தவர். பொய் பில் போட்டவன் யார், போகாத பயணத்துக்குப் படி வாங்கினவன் யார் என்று தோண்டுவதே அவர் பிழைப்பு. ஆபீஸ் வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்ததே இல்லை என்று பெருமை பேசுவார். சந்தேகத்தை மட்டும் சாப்பாட்டுக் கேரியரோடு தினமும் கொண்டுவந்தார். அம்மா அவருக்கும் ஒரு படி மேல். யாராவது விலை குறைத்துக் கொடுத்தால் அம்மாவுக்கு அன்று தூக்கம் வராது. இந்த இரண்டு பேருக்கும் பிறந்த நான் எப்படி இருப்பேன்? செக்டர் ஃபைவில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்குப் பூங்கொத்து கொடுத்தார்கள், இதைச் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்றுதான் எனக்கு ஓடியது. அக்கா ஒருத்திதான் எங்கள் வீட்டில் தப்பிப் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டுப்பாடத்தை மாடு தின்றுவிட்டது என்று ஒரு பிள்ளை சொன்னால், மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்கிறவள். அதனாலேயே அவள் கூட்டிவந்த ஆளை நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து சந்தேகப்பட வேண்டியதாயிற்று.

சந்தேகப்படவும் நிறைய இருந்தது. தென்காசிப் பக்கத்துப் பையன், கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்காகக் கல்கத்தா வந்தவர், அந்த வேலையைத் தானாக விட்டுவிட்டுக் கல்யாணப் போட்டோ எடுக்கப் போனாராம். "தானா எவன் விடுவான்? வெரட்டிருப்பான்" என்றார் அப்பா. கேமராவின் விலையைக் கேட்டு அம்மாவுக்கு நெஞ்சை அடைத்தது. அந்தக் காசுக்குக் கழுத்து நிறைய நகை வாங்கலாமே, நகையானாலும் நாளைக்கு விலை ஏறும், இது வாங்கின மறுநாளே பாதி விலைக்குப் போகிற சாமான் என்றாள். எனக்கு வேறு கவலை. அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தை முழுக்கப் பார்த்தேன். படங்கள் அவ்வளவு அழகாக இருந்தன. இவ்வளவு அழகாக எடுக்கிற ஆள் ஏன் டாக்குரியாவில் ஒற்றை அறையில் குடியிருக்கிறார்? ஒன்று படம் அவருடையதாக இருக்காது, இல்லாவிட்டால் பணத்தை வேறு எங்கோ விடுகிறார் என்று முடிவு கட்டினேன். அக்கா ஒரே வார்த்தைதான் சொன்னாள். "கட்டினா அவரைத்தான்பா. நீங்க வேண்டாம்னா நான் கல்யாணம் இல்லாமலே இருந்துக்குவேன்." அழவில்லை, சத்தம் போடவில்லை. அவள் அப்படிச் சொன்னதால் அப்பாவுக்கு இன்னும் பயம் வந்துவிட்டது.

அப்பா ஆவணி பிறக்கும் வரை காத்திருந்தார். அது அவருடைய தந்திரம். ஆவணி என்றால் முகூர்த்த மாதம், கல்யாணப் போட்டோகாரன் கால் தரையில் படாமல் ஓடுகிற மாதம், அப்போது சொல்லாமல் போய்ப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். வங்காளி பேச என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஒரு பகல் வேளையில் டாக்குரியா போனார். வீட்டுக்காரம்மா, இந்த ஊர் வழக்கப்படி சித்தி முறையில் நாங்கள் மாசிமா என்று கூப்பிட்ட அந்தக் கிழவி, கேட்காமலே கொட்டினாள். "காஜ் நேய்! சாராதின் கூமாச்சே!" வேலை இல்லை, நாள் முழுக்கத் தூங்குகிறான் என்று நான் மொழிபெயர்ப்பதற்குள் அப்பாவுக்கே புரிந்துவிட்டது. கதவைத் தட்டினால், அத்தான் இடுப்புச் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு கண்ணைக் கசக்கியபடி வந்து நிற்கிறார். ஆணியில் கேமராப் பை வெறுமையாகத் தொங்கியது. கேமரா எங்கே என்று அப்பா கேட்டார். "வாடகைக்குக் குடுத்திருக்கேன் சார். இது சீசன் இல்ல." அப்பா தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இறங்கி வந்துவிட்டார்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும்தான் வெடித்தார். "ஆவணி சீசன் இல்லியாம்ட்டி! நம்ம ஊர்ல ஆவணி முகூர்த்தத்துக்குப் போட்டோகாரன் கால்ல விழணும். இவன் சாரத்தைக் கட்டிக்கிட்டுத் தூங்குதான், கேமரா வாடகைக்குப் போயிருக்குங்கான். கேமராவே இவன் வாடகைக்கு எடுத்ததா இருக்கும்." எனக்கும் அதில் ஓட்டை தெரியவில்லை. வங்காளிக் கல்யாணம் வேறு மாதிரி அப்பா என்று அக்கா இரவு சொல்லிப் பார்த்தாள். "அவன் சொல்லிக்குடுத்ததை ஒப்பிக்கா பாரு" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். இனிமேல் அந்தப் பேச்சு இந்த வீட்டில் வேண்டாம் என்று முடித்தும்விட்டார். அக்கா விடைத்தாள்களை எடுத்துத் திருத்த உட்கார்ந்தாள். எனக்கு அவளைப் பார்க்கவே பிடிக்கவில்லை, ஏமாந்துவிட்டாளே என்று அவ்வளவு ஆத்திரமாக இருந்தது.

உண்மையைக் கண்டுபிடித்தது விஜிலன்ஸ் இல்லை, அம்மா. வெள்ளிக்கிழமை பூ வாங்க லேக் மார்க்கெட் போனவளிடம் பூக்காரன் கை நிறையச் சம்பங்கியை அள்ளிப் பாதி விலைக்குக் கொடுத்தான். அம்மா விடுவாளா? நேற்றைய பூவா, தண்ணீர் தெளித்து ஏமாற்றுகிறாயா என்று பிடித்துக்கொண்டாள். "பாத்ரோ மாஷ், மாசிமா! பியே கொத்தாய்?" என்றானாம் அவன். பாத்ரோ மாதம், கல்யாணம் எங்கே இருக்கிறது, பூ விற்றால்தானே? எங்கள் ஆவணியைத்தான் இவர்கள் பாத்ரோ என்கிறார்கள், அந்த மாதத்தில் வங்காளிகள் கல்யாணமே செய்ய மாட்டார்கள். நான் பிறந்ததே இந்த ஊரில்தான். ஆனால் எங்களுக்கு நல்ல மாதம், கெட்ட மாதம் எல்லாம் லேக் மார்க்கெட் கடையில் வாங்கி மாட்டின தமிழ் நாள்காட்டி சொல்வதுதான். அது இந்த ஊருக்குப் பொருந்துமா என்று யாருக்குமே தோன்றியதில்லை. அம்மா பூவை மேசைமேல் போட்டுவிட்டு விஷயத்தைச் சொன்னதும் அப்பா எழுந்துபோய் அந்த நாள்காட்டியைப் புரட்டிப் பார்த்தார். மகள் சொன்னால் நம்ப மாட்டார், பூக்காரன் சொன்னால் நம்புவார், ஏனென்றால் பூக்காரனுக்கு இதில் லாபம் கிடையாது. மறுநாள் ஆபீஸில் வங்காளி நண்பர்களிடம் விசாரித்துவிட்டு வந்தார். பாத்ரோ மட்டும் இல்லை, வருஷத்தில் ஐந்து மாதம் இங்கே மேளம் கொட்டாது.

இப்போது ஆள் ஏமாற்றுக்காரன் இல்லை என்று ஆகிவிட்டது. அதுதான் இன்னும் பெரிய தொல்லையாகப் போயிற்று. ஏமாற்றுக்காரன் என்றால் வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம், ஐந்து மாதம் வருமானமில்லாத யோக்கியனை என்ன சொல்லி மறுப்பது? அப்பா அத்தானை லேக் மார்க்கெட்டில் நம் ஊர் ஓட்டல் ஒன்றுக்கு வரச் சொன்னார். சாட்சிக்கு நானும் போனேன். அத்தான் ஒன்றையும் மறைக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் கொஞ்சம் முன்பணம் வரும், மீதி ஆல்பம் கொடுத்தபிறகுதான், எந்தப் படத்தை ஆல்பத்தில் போடுவது என்று மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போகிறவரை அந்த மீதி நகராது என்றார். லென்ஸ் வாங்கின கடனுக்குத் தவணை மட்டும் மாதம் பார்க்காமல் வரும். சம்பள வேலையில் இருக்கிறவர்கள் லீவு நாளில் பொழுதுபோக்காகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து, சாப்பாடு போட்டால் போதும் என்று கல்யாணம் எடுத்துக் கொடுக்கிறார்கள், அவர்களோடு விலையில் போட்டி போட முடியாது. துர்கா பூஜைக்கு முன்னால் புடவைக் கடைகளுக்குப் படம் எடுப்பது, பள்ளிக்கூடங்களில் அடையாள அட்டைக்கு எடுப்பது என்று சில்லறை வேலை வரும், சில மாதம் அதுவும் வராது.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசிக் கேள்வியைப் போட்டார். "அப்போ அந்த மாசத்துல என் மக சம்பளத்துல சாப்பிடுவீங்க. அப்படித்தானே?"

"ஆமா சார். சாப்பிடுவேன்" என்றார் அத்தான்.

தன் சர்வீஸில் ஒருத்தன்கூட முதல் கேள்விக்கே ஆமாம் என்று சொன்னதில்லை என்று அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார். பாராட்டாகச் சொல்லவில்லை. "இவ்வளவு உண்மை சொல்லுதவனை எப்படி நம்புறது? இதுக்குள்ள என்னமோ இருக்கு" என்றார். அக்கா உள்ளே இருந்து வந்து நின்றாள். "அப்பா, சாப்பிடுவீங்களான்னு அவர்கிட்ட கேட்டீங்க. சோறு போடுவியான்னு என்கிட்ட கேக்கலியே? நான் போடுவேன்" என்றாள். அப்பா கையிலிருந்த செய்தித்தாளை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். அதற்குப்பிறகு வேண்டாம் என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. அடுத்த ஆவணியில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு வேறு மாதத்தில் வைத்தால் ஒரு வேலை கெடும் என்று அப்பாவே குறித்த நாள் அது. ஊரிலுள்ள போட்டோகாரர்கள் பாதிப் பேர் வேலையில்லாமல் இருந்ததால் எல்லோரும் கேமராவோடு வந்துவிட்டார்கள். இவர்களுக்கு யார் காசு கொடுப்பது என்று அப்பா தாலி கட்டுகிறவரை என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருவரும் வாங்கவில்லை.

இப்போது அத்தான் அதே தொழிலில்தான் இருக்கிறார். பெரிதாக ஒன்றும் முன்னேறவில்லை, முன்னேறினார் என்று எழுதினால் பொய். கையில் நல்ல போன் இருக்கிற ஒன்றுவிட்ட தம்பி எல்லா வீட்டிலும் இருக்கிறான், அவன் எடுத்தால் போதும் என்கிற கல்யாணங்கள் பெருகிவிட்டன. டாக்குரியாவில் இரண்டு அறை வீடு, அக்கா சம்பளம், நல்ல மாதங்களில் அத்தான் பணம், ஒரு பெண்குழந்தை. அம்மா காலமானபிறகு அப்பாவும் அங்கேதான். போன குளிர்காலத்தில் அப்பாவின் பென்ஷன் நின்றுபோயிற்று. வருஷத்துக்கு ஒருமுறை உயிரோடு இருக்கிறோம் என்று காட்ட வேண்டுமல்லவா? போனில் முகத்தைக் காட்டினால் முடிகிற வேலை. "மூஞ்சியை வாங்கி வச்சுக்கிட்டு நாளைக்கு என் பேர்ல கடன் எடுப்பான்" என்று மறுத்துவிட்டார். பேங்குக்குப் போனால் அங்கே இருந்த இயந்திரத்தில் அவர் விரல் ரேகை விழவில்லை. மறுபடி வரச் சொன்னார்கள், அதற்குள் காய்ச்சலில் படுத்துவிட்டார். அது பௌஷ் மாதம், நமக்கும் மார்கழி, எந்த வழியிலும் கல்யாணம் கிடையாது, வீடு அக்கா சம்பளத்தில்தான் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் போயிருந்தபோது அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். பசிக்கவில்லையாம். ஒரு வாரமாகவே இப்படித்தான், காய்ச்சல் வாய் போல என்றாள் அக்கா. எந்த வியாதியை மறைக்கிறாரோ என்று அவர் முகத்தையே பார்த்தேன். அத்தான் அவர் பக்கத்தில் வந்து தன் தட்டோடு உட்கார்ந்தார். அக்கா அடுப்படிக்குப் போகிறவரை பொறுத்திருந்து மெதுவாகச் சொன்னார். "மாமா, மொத வருஷம் நானும் இப்படித்தான் பசிக்கலன்னு சொல்லிக்கிட்டு அலைஞ்சேன். சொன்னா அவ நம்பிருவா. நெசமாவே பானையை மூடி வச்சிருவா. பட்டினி கிடந்து கெட்டது நான்தான். சாப்பிடுங்க."

அப்பா அடுப்படிப் பக்கம் ஒருதரம் பார்த்தார். தட்டை இழுத்துப் பிசைய ஆரம்பித்தார். கடகடவென்று தின்றார், சோற்றைப் பார்த்து நாளாயிற்று என்று தெரிந்தது. அக்கா ரசத்தோடு வந்தவள் காலித் தட்டைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"என்னப்பா, பசிக்கலன்னீங்க?"

அப்பா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். சாக்குச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"பொய்ட்டி" என்றார். "பசிக்கத்தான் செஞ்சுது. இன்னும் கொஞ்சம் போடு."