ரயிலுக்கு அழுக்குப் பூசுகிறவன்

புத்தம் புதிதாக வாங்கியதைப் பழசாக்கித் தரச்சொல்லி ஆட்கள் தேடி வருவார்கள் என்றால் சங்கரன்கோவிலில் யாரும் நம்புவதில்லை. ஆனால் அதுதான் என் தொழில். மாடல் ரயில் என்று ஒன்று இருக்கிறது. இன்ஜின் ஒரு சாண் நீளம்தான் இருக்கும். குட்டித் தண்டவாளத்தில் நிஜமாகவே ஓடும். கடையிலிருந்து வரும்போது அதன் சக்கரமும் கொக்கியும் கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி மின்னும். நிஜ ரயிலில் எது மின்னுகிறது? அந்தப் பித்தளையை மருந்தில் முக்கிக் கறுப்பாக்கி, தூசியும் துருவும் ஏற்றித் தருகிறேன். குவைத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்த காலத்தில் பிடித்த பைத்தியம், ஊர் திரும்பியதும் பிழைப்பாகிவிட்டது. ஆசைப்பட்டதையே தொழிலாக்கிக்கொண்டு முழிக்கும் சக பாவிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பக்கத்துக் கடை

என் அறைக்கு அடுத்தது பாத்திரக்கடை. ஒருநாள் காலையில் அந்த அண்ணாச்சி வந்து நின்றார். நான் சக்கரங்களை மருந்துக் கிண்ணத்தில் போட்டேன். தங்க நிறம் பழுப்பாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோசைக்கல் நிறத்துக்கு வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் கிண்ணத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாங்க புளியப் போட்டுத் தேச்சுத் தேச்சு வெளுப்பாக்குதோம், நீரு மருந்தப் போட்டுக் கறுப்பாக்குதீரு. நம்ம ரெண்டு பேருல ஒருத்தனுக்குக் கிறுக்குவே!"

காதர் பாய்

கடையநல்லூர் காதர் பாய் ரிட்டயர்டு ரயில் டிரைவர். புளியங்குடியில் பஸ் மாறி, எலுமிச்சை மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, மடியில் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்து சேர்ந்தார். உள்ளே அவர் ஓட்டிய அதே ரக டீசல் இன்ஜின், சின்ன உருவில். ரிட்டயர் ஆனதற்கு ஷார்ஜாவிலிருக்கும் மகள் வாங்கி அனுப்பியது. ரெண்டு வருஷமாக அது பீரோவுக்கு மேலேயே கிடக்கிறதாம். அடுத்த மாதம் மகள் லீவில் வருகிறாள். ஷோகேஸில் இல்லையென்றால் அவள் மனம் உடைந்துபோவாள். இவருக்கோ அதை எடுத்து வைக்க மனம் வரவில்லை.

"ஏன் பாய், நல்லாத்தானே இருக்கு?" என்றேன்.

"இம்புட்டுப் புதுசா இருந்தா, ட்யூட்டிக்கே போகாம சம்பளம் வாங்குனவன் மாதிரில்லா இருக்கு எனக்கு!"

ரேகை

மருந்தில் போடுமுன் பித்தளையை எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவ வேண்டும். கழுவிய பிறகு கை படக்கூடாது. பட்ட இடத்தில் மருந்து பிடிக்காது. பாயின் இன்ஜினுக்கு முன்னால் மாட்டுகிற கம்பித் தடுப்பைக் கழுவி மேஜையில் காயவைத்திருந்தேன். குறுக்கே வருகிற ஆடுமாட்டை ஒதுக்கித் தள்ளுவதற்காக நிஜ இன்ஜினில் இருக்குமே, அது. என் மனைவி மேஜையைத் துடைக்கிறேன் என்று அதை எடுத்து நகர்த்தி வைத்திருக்கிறாள். மருந்திலிருந்து எடுத்தால், கறுப்புக்கு நடுவே மஞ்சளாக ஒரு கட்டைவிரல். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அவள் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஏங்க, பாஸ்போர்ட் ஆபீஸ்லகூட என் ரேகை இவ்வளவு தெளிவா விழலையே!"

நின்ற வண்டி

இந்தத் தவறு முழுக்க என்னுடையது. மாடல் இன்ஜினுக்குக் கரண்ட் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாகத்தான் ஏறும். அதனால் தண்டவாளத்தைத் தொடுகிற விளிம்பை மட்டும் கறுப்பாக்காமல் விட வேண்டும். நான் ஆர்வக்கோளாறில் மொத்தமாக முக்கிவிட்டேன். பாய் வந்ததும் பெருமையோடு தண்டவாளத்தில் வைத்து ஸ்விட்சைப் போட்டேன். வண்டி அசையவே இல்லை. தட்டினேன், தள்ளினேன். பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். விஷயம் புரிந்ததும் நைஸ் உப்புத்தாளைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு விளிம்பாக அவரே தேய்த்தார். வண்டி கிளம்பியது.

"சர்வீஸ்ல எத்தனையோ ஃபெயிலியர் பாத்திருக்கேன் தம்பி. அழகு கூடிப்போயி நின்ன இன்ஜின இப்பந்தான் பாக்கேன்."

முன்பக்கம்

தூசி ஏற்ற இரண்டு நாள் கேட்டிருந்தேன். கூரையில் புகைக் கரி, பக்கவாட்டில் செம்மண், அடியில் எண்ணெய்க் கசிவு. கடைசியாக, ரேகை போக மறுபடி கழுவிக் கறுப்பாக்கி மாட்டியிருந்த முன் கம்பித் தடுப்பில் துருப்பொடியைத் தண்ணீர் வழிந்த மாதிரி இழுத்துவிட்டேன். நான் செய்ததிலேயே நிஜம் போலிருந்தது அதுதான்.

சொன்ன நாளில் வந்த பாய் கூரையைப் பார்த்துச் சிரித்தார். திருப்பி முன்பக்கத்தைப் பார்த்தவர் அப்படியே மேஜையில் வைத்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. "பிடிக்கலையா பாய்?" என்றேன். அந்தக் கம்பித் தடுப்பை விரலால் காட்டினார்.

"நாலு பேரு தம்பி. அவங்களா வந்து லைன்ல நின்னாங்க. பிரேக் போட்டாலும் வண்டி நிக்காது. ஒவ்வொரு தடவையும் ஷெட்டுல ஆள் இருந்தும், நானே தண்ணி ஊத்திக் கழுவுனேன். அந்த எடத்துல மட்டும் செவப்பு வேண்டாம்."

போன்

நல்லவேளை, மேலே வார்னிஷ் அடித்திருக்கவில்லை. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, பல்குத்தும் குச்சியில் சுற்றி, கம்பி கம்பியாகத் துடைத்தேன். அவர் போதும் என்று சொல்லும்வரை நிறுத்தவில்லை. பெட்டி வேண்டாமென்று இன்ஜினைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

மகள் வந்த மறுநாள் போன் செய்தார். இன்ஜின் ஷோகேஸில், நடுத்தட்டில் இருக்கிறதாம். மகள் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வண்டி பூரா அழுக்கா இருக்கு, முன்னாடி மட்டும் ஏன் அத்தா சுத்தமா இருக்கு?" என்று கேட்டாளாம். "என்ன சொன்னீங்க பாய்?"

"இப்பந்தாம்மா கழுவி நிறுத்திருக்கேன், இனி இந்த வண்டி வெளிய போவாதுன்னு சொன்னேன்."

எத்தனையோ வண்டிகளுக்கு அழுக்குப் பூசியிருக்கிறேன். ஆனாலும் என் கைவேலையில் உருப்படியாக அமைந்தது, பஞ்சால் துடைத்தெடுத்த அந்த ஒரு விரற்கடை இடம்தான்.