அலைவரிசையில் ஆள் இருக்கா?

போன ஞாயிறு சாயங்காலம், சும்மா கூப்பிடக் கூடாத இடத்தில் யாரையோ கூப்பிட்டுவிட்டேன்.

விஷயம் இதுதான். வீட்டிலிருந்தே வானலையில் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோவுக்கு நான் லைசென்ஸ் வாங்கியவள். "இந்த வயசுல பரீட்சை எழுதி வாக்கி டாக்கியா?" என்று வீட்டில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். எங்கள் மாவட்டத்துக்கென்று ஓர் அவசர அலைவரிசை உண்டு. புயல், வெள்ளம் என்றால் தன்னார்வலர்கள் அதில் பேசுவார்கள் என்று இணையத்தில் போட்டிருக்கிறது. போட்டிருக்கிறது... ஆனால் அதில் ஆள் உண்டா? பஸ் ஸ்டாண்டில் நேரம் எழுதியிருந்தால் பஸ் வந்துவிடுமா என்ன?

மொட்டைமாடியில் ஆன்டெனா மாட்டிய நாளிலிருந்து தினமும் கேட்கிறேன். 'உஸ்ஸ்' என்ற இரைச்சலைத் தவிர ஒன்றும் இல்லை.

எனக்கு ஏன் இந்தப் பாடு? ஒரு குரலுக்காகத்தான்.

சில வருஷம் முன்னால் வந்த பெருவெள்ளத்தில் எங்கள் தூத்துக்குடியே முங்கிக் கிடந்தபோது போனெல்லாம் செத்துப்போனது. அக்கா தாமிரபரணிக் கரையில் ஒரு கிராமத்தில், தனியாக. நான் இங்கே சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் ரேடியோவோடு ஒரு தன்னார்வலர் இருக்கிறார் என்றார்கள். இடுப்பளவு தண்ணீரில் போய் அக்கா பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் போனபோது, அக்கா ஊர்ப் பக்கமிருந்து அந்த ரேடியோவில் பதில் வந்தது. முகம் தெரியாத ஓர் ஆண் குரல், தயங்கித் தயங்கி...

"அம்மா, ஒங்க அக்கா மாடியில பத்திரமா இருக்காவ. அவுக சொன்னத அப்படியே சொல்லுதேன், தப்பா எடுத்துக்கிடாதீய... 'ஏளா, அழுதுக்கிட்டுக் கெடக்காம சாப்பிடு.'"

செய்தியில் ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது என்பது ரேடியோக்காரர்கள் வழக்கம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

அக்கா போன வருஷம் போய்விட்டாள். என்னை 'அடியே' என்கிற உரிமையோடு 'ஏளா' என்று கூப்பிட இனி ஆள் இல்லை. அவள் பேச்சைச் சுமந்துவந்த அந்தக் குரலையாவது இன்னொரு தடவை கேட்கமாட்டோமா என்று ஏங்கிப்போய்க் கிடந்தேன். பைத்தியக்காரத்தனம்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.

அதனால்தான் போன ஞாயிறு பொத்தானை அழுத்தி, லைசென்ஸோடு தந்த அடையாளக் குறியான என் கால் சைனைச் சொல்லி, "யாராவது இருக்கீயளா?" என்று கேட்டுவிட்டேன்.

உடனே திருச்செந்தூரிலிருந்து ஒருவர்: "இருக்கேம்மா. தெனமும் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். அவசரத்துக்குள்ள எடத்துல வெட்டிப்பேச்சு எதுக்குன்னு வாயத் தொறக்கல."

பின்னாலேயே வேம்பாரிலிருந்து இன்னொருவர்: "நானுந்தான். ஒருத்தரும் இல்லன்னுல்லா நெனச்சேன்."

பாருங்கள் கூத்தை — எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். யாரும் பேசவில்லை. ஆள் இல்லை என்று ஆளாளுக்கு முடிவும் கட்டிவிட்டோம். உங்கள் வீட்டு வாட்ஸ்அப் குரூப் மட்டும் வேறு மாதிரியா இருக்கிறது?

அப்புறம் மூன்றாவதாக ஒரு குரல் வந்தது. தயங்கித் தயங்கி... அதே குரல்.

"ஏதும் அவசரமாம்மா?"

"ஆமா அண்ணாச்சி" என்றேன். "ரொம்ப அவசரம்."