இலவசமாக மூட்டை கட்டிய வீடியோக்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. கொல்கத்தா நியூ டவுனில் எங்கள் எதிர் ஃப்ளாட்டில் ஒரே சத்தம். எட்டிப் பார்த்தால், ஹால் முழுக்க அட்டைப் பெட்டிகள், நடுவில் ஒரு லேப்டாப், அதைச் சுற்றி வாடிய முகத்தோடு மூன்று பேர்.

சுந்தரம் மத்திய அரசு அதிகாரி. திருநெல்வேலிக்காரர். இப்போது நாக்பூருக்கு மாற்றல். ஊர் ஊராக மாற்றலில் போகிற குடும்பங்களைப் பார்த்திருக்கிறீர்களா? மொத்த வீட்டையும் பெட்டிகளுக்குள் அடக்கிவிடுவார்கள். பெட்டிக்குள் போனபின் வெளியே மிச்சம் எதுவும் கிடக்கக் கூடாது!

அந்தப் பழக்கத்தைக் கம்ப்யூட்டரிலும் காட்டியிருக்கிறார் மனிதர். பழைய கம்ப்யூட்டரைத் தள்ளிவிடுவதற்கு முன், மகள் நித்யாவின் சின்ன வயது வீடியோக்களை இலவச மென்பொருள் ஒன்றில் சுருக்கி, ஒரே ஃபைலாகக் கட்டி, பென் டிரைவில் ஏற்றிவிட்டு... அசலை அழித்துவிட்டார். இப்போது அந்த ஃபைல் திறக்க மாட்டேன் என்கிறது. கெட்டுப்போய்விட்டதாம்.

"அண்ணாச்சி, நீங்களே கேளுங்க," என்றார் அவர் மனைவி லலிதா. "காசு குடுத்து வாங்குற சாஃப்ட்வேர்ல, ஃபைல் கெட்டாலும் சரிபண்ணுத வசதி இருக்குன்னு கடைக்காரர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. இவுக கேட்டாகளா?"

"சும்மா கெடைக்கதுக்கு எதுக்குத் துட்டுன்னு நெனச்சேன்..." சுந்தரத்தின் குரல் இறங்கியிருந்தது.

"கட்டிலுக்கும் பீரோவுக்கும் லாரிக்காரனுக்கு அள்ளிக் குடுக்கீக. பிள்ள பேச்சுக்கு மட்டும் ஓசியாக்கும்!"

பிள்ளை பேச்சு. அதுதான் விஷயமே. நித்யா இப்போது இதே ஊரில், ஜாதவ்பூரில் இருக்கிறாள். கணவர் வங்காளி. மூன்று வயதில் திருநெல்வேலித் தமிழில் அப்பாவையே மிரட்டிய பெண்ணுக்கு, இன்று நாலு வாக்கியம் தமிழில் சேர்ந்தாற்போல் வராது. அவள் மகளுக்கும் இப்போது மூன்று வயது. 'உன் வயசில் அம்மா எப்படிப் பேசினேன் பார்' என்று காட்டத்தான் வீடியோக்களை வாங்க வந்திருந்தாள்.

எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினேன். காசு கேட்கும் மென்பொருளையும் இறக்கிப் பார்த்தேன். கட்டும்போதே அதில் கட்டி, அந்த வசதியையும் சேர்த்திருந்தால்தான் உண்டாம். கொடுமை என்ன தெரியுமா? வீடியோக்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. கட்டிய பிறகும் கிட்டத்தட்ட அதே சைஸ்தான். கட்டாமல் அப்படியே போட்டிருக்கலாம்!

இலவசத்தை நான் குறை சொல்ல மாட்டேன். என் லேப்டாப்பில் இருப்பதும் அதுதான். ஆனால், கட்டியதை ஒரு தடவை திறந்து பார்ப்பதும் இலவசம்தானே? இன்னொரு காப்பி எடுத்து வைப்பதும் இலவசம்தானே? இந்த இரண்டை மட்டும் நாம் சீந்துவதே இல்லையே... ஏன்?

"தாக் அப்பா, விடுங்க," என்று வங்காளமும் தமிழுமாகத் தட்டுத்தடுமாறிச் சமாதானம் சொன்னாள் நித்யா. "நான் என்ன பேசினேன், நீங்களே சொல்லுங்க. போன்ல ரெக்கார்ட் பண்றேன். பாப்பா கேக்கட்டும்."

சுந்தரம் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம். "நான் ஆபீசுக்குக் கெளம்புவேன். நீ வாசல மறிச்சு, இடுப்புல கைய வச்சிக்கிட்டு..."

"வச்சிக்கிட்டு?"

"என்னமோ சொல்லுவ. வீடே சிரிக்கும்." அவர் மனைவியைப் பார்த்தார். "என்னட்டி சொல்லுவா?"

லலிதா பென் டிரைவைக் கையில் எடுத்துப் பார்த்தார். "எல்லாம் அதுக்குள்ள பத்திரமா இருக்குன்னு... ஞாபகத்துல வைக்காம விட்டுட்டமே."

நித்யா மெதுவாக ரெக்கார்டிங்கை நிறுத்தினாள்.

போனில் பதிவானது ரொம்பச் சின்ன ஃபைல்... சுருக்க வேண்டிய அவசியமே இல்லை.