நாத்தூன் முடிச்சும் இரண்டு கேமராக்களும்

காலை பத்து மணி ஐம்பது நிமிடம். கேரளத்தின் தென்கோடியில், உதியன்குளங்கரைக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். உள்ளே நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது ஐந்து முதுகுகளை. ஐந்தும் ஸ்டுடியோக்காரர்களின் கறுப்புச் சட்டை. மேடையின் முன்விளிம்பில் வரிசையாக நின்று, மணமக்கள் உட்காரப்போகும் இடத்துக்கு விளக்கு சரிசெய்துகொண்டிருந்தார்கள். முகூர்த்தம் பதினொன்று பத்துக்கு. நாற்காலிகளில் இருந்தவர்களுக்கு மேடை தெரியவில்லை. யாரும் அதைக் குறையாகச் சொல்லவும் இல்லை. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களை இப்போது அப்படித்தான் பார்க்கிறோம்.

இரண்டு வருடங்களுக்கு முந்தைய ஆவணி மாதம் அது. என் கழுத்தில் ஒரு கேமராவும் வலது தோளில் ஒரு கேமராவும் தொங்கின. வாசலில் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்த பெண் இரண்டையும் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "பேப்பர்காரி ரெண்டெண்ணம் கொண்டு வந்திருக்கியளே, ஒண்ணு பெண்ணு வீட்டுக்கு, ஒண்ணு மாப்பிள வீட்டுக்கா?"

நான் இருபது வருடம் ஒரு நாளிதழில் நிருபராக இருந்தவள். பாறசாலை முதல் நெய்யாற்றின்கரை வரை என் எல்லை. செய்தியோடு படத்தையும் நானேதான் எடுப்பேன். தோளில் கிடந்த பழைய கேமரா அந்த நாட்களின் கடைசிப் பகுதியில் வாங்கியது. மிரர்லெஸ் என்று சொல்வார்கள். உள்ளே கண்ணாடி இல்லாததால் சின்னதாக, கைப்பையில் அடங்கும். அந்த வகையில் ஆரம்ப நிலைக்காரர்களுக்கான மாடல். கழுத்தில் கிடந்தது அதே நிலையில் வந்த புதிய மாடல், வாங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. பழையதைக் கொடுத்துவிடலாமா, வைத்துக்கொள்ளலாமா என்று தீர்மானிப்பதற்காக இரண்டிலும் ஒரே காட்சியை எடுத்து, ஒரு நோட்டில் ஒப்பிட்டு எழுதி வந்தேன்.

நோட்டில் புதியதே ஜெயித்துக்கொண்டிருந்தது. பழையதை உயிர்ப்பித்தால் லென்ஸ் ஒரு முனகலோடு வெளியே வர மூன்று விநாடி ஆகும். குவியம், அதாவது ஃபோகஸ், பிடிக்க முன்னும் பின்னும் தேடும். நடுவில் ஒரு கட்டம். அதை எங்கே வைக்க வேண்டும் என்று நான்தான் சொல்ல வேண்டும். வெளிச்சம் குறைந்தால் படத்தில் ரவை தூவியதுபோல் புள்ளி விழும். திரை கீறி மங்கிப்போனதால், எடுத்ததைத் தெளிவாகப் பார்க்க மெமரி அட்டையைக் கழற்றிக் கணினியில் போட வேண்டும். புதியதோ விரல் வைத்ததும் தயார். மனிதக் கண்ணைத் தானே கண்டுபிடித்துப் பச்சைக் கட்டம் போட்டுப் பின்தொடரும். ஒரு விநாடிக்குப் பத்துப் படத்துக்கு மேல் எடுக்கும். எடுத்ததை அந்த இடத்திலிருந்தே போனுக்கு அனுப்பும். அதற்காகவே வெளிச்சம் நிறைய வாங்கும் ஒரு லென்ஸும் வாங்கியிருந்தேன். அதில் குவியம் விழுந்த இடம் மட்டும் பளிச்சென்று இருக்கும், மற்றதெல்லாம் கரைந்துவிடும். பழையதில் அதோடு வந்த சாதாரண லென்ஸ்தான்.

ஆனாலும் பழையதை எடுத்து வைத்தால் கை தானாகவே அதன் தேய்ந்த ஓரத்தில் போய் உட்காரும். தனுவச்சபுரத்தில் மழைக்குப் பஸ்ஸின் மறைவில் ஒதுங்கிய கல்லூரிப் பெண்கள், பள்ளிக் கலைவிழாவான கலோல்சவத்தின் மேடைக்குப் பின்னால் ஒரே கண்ணாடியில் பொட்டு வைத்த ஏழு பேர், ரயில்வே கேட்டில் ஆட்கள் இறங்கித் தள்ளிய ஆம்புலன்ஸ் என்று என் நல்ல படங்கள் எல்லாம் அதில் எடுத்தவை. அதன் ஷட்டர் சத்தம் பெரியது. படம் எடுத்தது எதிரே நிற்பவருக்கும் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அவர்கள் ஒரு தடவை சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காக நான் இரண்டாவது படம் எடுப்பேன்.

மாப்பிள்ளை எங்கள் அடுத்த தெருப் பையன். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு கேட்டுக்கு வெளியே பைக்கை நிறுத்தி, இறங்காமலே பேசினான்.

"சேச்சி, ஸ்டுடியோக்காரங்க அஞ்சு பேரு வாறாங்க. அவங்க எல்லாம் பெண்ணுக்க மொகத்தயாக்கும் எடுப்பாங்க. எனக்க அக்கா முடிச்சு போடுதது ஒண்ணு எனக்கு வேணும். நீங்க பொறத்தால நிண்ணு எடுத்துத் தரணும்."

தாலியின் முதல் இரண்டு முடிச்சை மாப்பிள்ளை போடுவான். மூன்றாவதை அவன் உடன்பிறந்தவள் மணப்பெண்ணின் பின்னால் நின்று போடுவாள். நாத்தனார் போடுவதால் நாத்தூன் முடிச்சு என்று எங்கள் பக்கத்தில் சொல்வோம். சில விநாடி வேலை. அதற்கென்ன, எடுத்துத் தருகிறேன் என்றேன்.

"நீங்க நினைக்கது மாதிரி இல்ல" என்றான். "அப்பாகூடப் பிறந்த மாமி சொல்லுதா, வாழாம வந்தவ போடுத முடிச்சு நிக்காதாம். பெரியப்பாக்க மொவ போடட்டாம். நான் சொல்லியாச்சு, அக்கா போடலேண்ணா நானும் தாலி கெட்டல. நாளைக்கு ஒருத்தரும் மாத்திப் பேசப்பிடாது. அதுக்காக்கும் படம்."

அவன் அக்காவை எனக்கு நன்றாகத் தெரியும். கணவன் வீட்டிலிருந்து திரும்பி வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. காரக்கோணத்தில் ஒரு லேபில் வேலை. வீட்டு விசேஷங்களில் குடும்பப் படம் எடுக்கும் நேரம் வந்தால், யாருடைய குழந்தையையாவது தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அந்த ஆறு வருடத்துப் படங்கள் எதிலும் அவள் இல்லை. இதை நான் பிறகுதான் எண்ணிப் பார்த்தேன்.

பதினொன்று பத்து. நான் மேடையின் பின்பக்கத் தூணை ஒட்டி நின்றேன். கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர், "சேச்சி, ஒண்ணு மாறி நிக்காமோ? ஃப்ரேமில் வருன்னு" என்றார். அவர் படத்துக்குள் நான் விழுகிறேனாம். அரையடி நகர்ந்தேன். கொட்டும் நாதஸ்வரமும் ஒரே நேரத்தில் உயர்ந்தன. பெண்கள் குரவையிட்டார்கள். மாப்பிள்ளை இரண்டு முடிச்சுப் போட்டுக் கையை எடுத்தான். அக்கா குனிந்தாள்.

புதிய கேமராவின் திரையைப் பார்த்தேன். பச்சைக் கட்டம் ஒரு கண்ணில் போய் உட்கார்ந்தது. யாருடைய கண் என்று நான் பார்க்கவில்லை. பித்தானை அழுத்திப் பிடித்தேன். மூன்று விநாடி, பிறகு பார்த்தபோது முப்பத்தொரு படம். அவள் விரல்கள் இன்னும் முடிச்சில்தான் இருந்தன. பூச்சரம் குறுக்கே வந்திருந்தது. நேரம் இருந்ததால் பழைய கேமராவைத் தூக்கினேன். நோட்டில் ஒப்பிட ஒன்று வேண்டுமே என்றுதான், வேறொன்றும் இல்லை. நடுக்கட்டத்தை விரல்களின்மேல் வைத்தேன். லென்ஸ் முன்னே போய், பின்னே வந்து, நின்றது. ஒரு சத்தம். ஒரு படம். அவள் நிமிர்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நான் செய்ததை இன்றும் சொல்லக் கூசுகிறது. செய்தியில் ஒரு பெயர் எழுதும் முன் இரண்டு முறை கேட்டுச் சரிபார்க்கும் பழக்கம் உள்ளவள் நான். அன்று புதிய கேமராவின் சின்னத் திரையில் அக்காவின் சிவப்புச் சேலையும் குனிந்த தலையும் இருப்பதை மட்டும் பார்த்துவிட்டு, பெரிதாக்கிப் பார்க்காமல், ஒரு படத்தை மாப்பிள்ளையின் போனுக்கு அனுப்பினேன். எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்க்கும் ஆசையும் இருந்தது. நாலு விநாடியில் போனது. அவன் போனை வைத்திருந்த நண்பன் அதை அப்படியே குடும்பக் குழுவில் போட்டான்.

இரண்டாம் பந்தியில் அக்காவுக்குப் பக்கத்து இலையில் நான் உட்கார்ந்திருந்தபோது அவள் போன் தொடர்ந்து அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

படத்தில் மிகத் துல்லியமாக இருந்தவர் மேடைக்கு எதிர்ப்பக்கம் நின்ற வீடியோக்காரர். அவர் இமைமுடியை எண்ணலாம். கேமரா கண்ணைத் தேடியது. குனிந்தவளின் கண் அதற்குத் தெரியவில்லை. எங்களை நோக்கி நின்ற அவர் கண் தெரிந்தது. முன்னால் கரைந்து கிடந்த ஒரு சிவப்புத் திட்டுதான் அக்கா.

கீழே பதில்கள் வரிசையாக வந்திருந்தன. "எலே, இது வீடியோ அண்ணனுக்க கல்யாணமா?" "அண்ணன் ஷேவ் பண்ணல்ல, கேட்டியா." மூன்றாவதாக இருந்தது மாமியின் மகன் எழுதியது: "முடிச்சு போட்டது யாராக்கும்? சேல மட்டும் வந்திருக்கு, ஆளு வரல்லியே."

அவள் போனை இலைக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். "பரவால்ல சேச்சி. பாயசம் வருது, இலையில எடம் ஒதுக்குங்க" என்றாள்.

நான் எழுந்துபோய் மீதி முப்பதையும் பார்த்தேன். முப்பதிலும் அதே கண். கறுப்புச் சட்டைக்காரர்களிடம் கேட்டேன். அந்த நேரத்தில் அவர்கள் எல்லோரும் மணப்பெண்ணின் முகத்தையும் மேலே விழுந்த பூக்களையும் எடுத்திருந்தார்கள். ஒருவர் நல்ல மனதோடு ஒரு வழி சொன்னார்: மணப்பெண் உட்காரட்டும், அக்கா பின்னால் நின்று சரட்டில் கைவைத்தால் போதும், ஒரு நிமிடத்தில் முடித்துவிடலாம். இதெல்லாம் சாதாரணமாக நடப்பதுதான். சோறு விளம்பும் இடத்தில் நின்ற அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"கெட்டுனது ஒரு தடவயாக்கும்" என்றாள். "இனி நடிச்சுக் காட்ட எனக்கு வயசில்ல சேச்சி."

மூன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்தேன். பழைய கேமராவில் அனுப்பும் வசதி இல்லை. அட்டையைக் கழற்றினேன். அதைக் கணினியில் செருகும் சாதனம் எந்த மேசை இழுப்பறையில் கிடக்கிறது என்று தேட இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் எனக்குப் பத்திரிகை நாட்கள்தான் நினைவில் ஓடின. இப்படித்தான் ஒவ்வொரு சாயங்காலமும், என்ன கிடைத்திருக்கிறது என்று சரியாகத் தெரியாமல், பஸ்ஸில் அட்டையைக் கைப்பையில் தொட்டுப் பார்த்துக்கொண்டே அலுவலகம் போவேன்.

படம் திரையில் விரிந்தது. மேடை கொஞ்சம் சாய்ந்திருந்தது. இடது மூலையில் யாருடையதோ முழங்கை. ரவைப் புள்ளிகள். நடுவில் இரண்டு கைகள். மஞ்சள் சரடு இரு பக்கமும் இழுபட்டு முடிச்சு இறுகும் நேரம். அவள் முகத்தில் பாதி கன்னமும் காதும் மட்டும். வலது கட்டைவிரல் நகத்தைச் சுற்றி ஊதா நிறத்தில் ஒரு கறை.

கணினியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். மணமக்கள் உள்ளே இருந்தார்கள். அக்கா முற்றத்தில் வாடகை நாற்காலிகளை ஒன்றுக்குமேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். கையைச் சேலையில் துடைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

"அய்யோ, இந்த மையப் பாத்தியளா!" என்று சிரித்தாள். "லேபில கிருமி பாக்க கண்ணாடித் தகட்டுல விடுத மையாக்கும். இண்ணைக்கு காலத்த நாலு தடவ சோப்பு போட்டேன், எலுமிச்சங்கா போட்டேன், ம்ஹும். மேக்கப்புக்கு வந்தவ ஒரு டப்பா கிரீம் தேச்சா. எல்லாம் வேர்வையில போச்சு."

மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தான். பார்த்தான். "இது போதும் சேச்சி" என்றான். "இது நம்ம குடும்பத்துல வேற யாருக்க கையுமில்ல." திரையையே போனில் படம்பிடித்துக் குழுவில் போட்டான். ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

மாமி வராந்தாவில் பலகாரப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். பேத்தி கொண்டுவந்து போனைக் காட்டினாள். மாமி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, கறையைப் பார்த்தாள், சரட்டைப் பார்த்தாள். முற்றத்தில் அக்கா மறுபடியும் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கியிருந்தாள்.

"படம் தெளிவில்ல" என்றாள். மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டு, "முடிச்சு நல்லா இறுக்கித்தான் போட்டிருக்கா" என்றாள். போனைப் பேத்தியிடம் கொடுத்துவிட்டுப் பெட்டிகளை முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.

கேமராவின்மேல் நான் குற்றம் சொல்லமாட்டேன். புதியது நல்ல கேமரா. இன்றும் அதில்தான் எடுக்கிறேன். கண்ணைத் தேடு என்று அதற்குச் சொல்லி வைத்திருந்தவள் நான். அது தேடிக் கொடுத்தது. அன்று யாரைப் பார்க்க வந்தேன் என்பதை மட்டும் அதனிடம் விட்டிருக்கக் கூடாது. பழையதை யாருக்கும் கொடுக்கவில்லை. மாதம் ஒரு முறை எடுத்துத் துடைக்கும்போது லென்ஸ் முனகிக்கொண்டு வெளியே வரும் அந்த மூன்று விநாடி, எனக்கு இப்போது நீளமாகத் தெரிவதில்லை. இப்போதெல்லாம் பித்தானை அழுத்தும் முன், கட்டம் யார்மேல் இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.

போன மாதம் அந்த அக்காவின் சித்தப்பா மகனுக்குக் கல்யாணம் நடந்தது. அவனுக்குக் கூடப்பிறந்த பெண் கிடையாது. முடிச்சுப் போட அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். அன்றைக்கு அவளுக்கு லேபில் டியூட்டி. லீவு எடுத்துக்கொண்டு போனாள்.