மரம் அக்காவுக்கு, மண் எங்களுக்கு

நல்லம்பள்ளிப் பக்கம் நான் வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டு நிலத்தில் ஒரே ஒரு பெரிய மாமரம் நின்றது. என் வீட்டுக்காரரின் அண்ணன் பிள்ளையில்லாமல் செத்துப்போனதும் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பாகம் பிரித்தார்கள். மரம் அண்ணன் பொண்டாட்டிக்கு, அது நிற்கிற மண் எங்களுக்கு; மரத்தை நாங்கள் வெட்டக் கூடாது. தீர்ப்புச் சொன்ன வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். புருஷனை ஒருத்திக்கும் அவன் நிழலை இன்னொருத்திக்கும் கொடுத்த கதை.

அண்ணன் பொண்டாட்டியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவளுக்கு அந்த மரம்தான் சோறு. வருஷா வருஷம் தருமபுரியிலிருந்து ஒரு பாய் வந்து, பூவிலேயே காய்க்கு விலை பேசிவிட்டுப் போவார். அதை வைத்துத்தான் அவள் காலம் ஓடியது.

எங்கள் பங்குக்குக் கிடைத்த நிழலில் நான் கருணைக்கிழங்கு ஊன்றினேன். தோண்டும்போது பக்கக் கிழங்கை மண்ணிலேயே விட்டால் அது வருஷா வருஷம் தானாக முளைக்கும். இந்த வேலை எனக்குப் பிறந்த வீட்டிலேயே அத்துப்படி. மரத்தடியில் மம்மட்டியே போடக் கூடாது. களைக்கொத்தால் மேல்மண்ணைக் கீறி, விரலை விட்டுத் துழாவ வேண்டும். சுண்டுவிரல் தடிமனுக்கு வேர் தட்டுப்பட்டால் குழியை மூடிவிட்டு ஒரு சாண் தள்ளிப் பார்க்க வேண்டும். அடிமரத்தைச் சுற்றி இரண்டு முழம் சும்மா விட வேண்டும். அங்கே மண்ணை அணைத்தால் மரம் மூச்சு முட்டிச் சாகும். சருகை மட்டும் மெலிசாகப் பரப்பலாம்.

நான் உட்கார்ந்து துழாவும்போதெல்லாம் அக்கா வந்து பின்னால் நிற்பாள்.

"வேரு பட்டுதா கண்ணு?"

"படலீங்க்கா."

"பாத்து. அதுக்கு ஒண்ணுன்னா நான் எங்க போவேன்."

குழிக்குக் குழி இதே கேள்வி. எனக்கோ கோபம் மூக்கு நுனியில் நிற்கும். என்றாலும் கிழங்கு தோண்டியதும் முதல் இரண்டை அவளுக்குத்தான் கொடுப்பேன். புளி ஊற்றிக் கடைந்து தின்றுவிட்டு, தொண்டை அரிக்கவே இல்லை என்பாள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் கிணற்றுக்குக் கரண்ட் வந்தது, மோட்டார் வைத்தோம். மாரண்டஹள்ளிப் பக்கம் தக்காளி போட்டவனெல்லாம் மாடி கட்டுகிறான் என்று என் வீட்டுக்காரருக்கு வயிறு எரிந்தது. எங்கள் நல்ல மண்ணெல்லாம் அந்த மரத்து நிழலில் கிடந்தது.

"மரத்தத்தான வெட்டக் கூடாதுன்னாங்க? வேரு மண்ணுக்குள்ளதான இருக்குது. மண்ணு நம்முளுது," என்றார் ஒருநாள் சாப்பிடும்போது.

அவர் சொன்னதோடு சரி, செய்தது நான். அக்கா ஒரு சாவுக்காகத் தன் பிறந்த ஊருக்குப் போயிருந்த அன்று காலையில் மம்மட்டியும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு போனேன். இத்தனை வருஷம் விரலால் துழாவி எந்தெந்த வேரை விட்டு விலகினேனோ, அதையெல்லாம் தேடித் தேடி வெட்டினேன். சிலது கை தடிமன் இருந்தது. மதியத்துக்குள் குழிகளை மூடி, அடிமரத்தில் முழங்கால் உயரத்துக்கு மண் அணைத்து, அதன்மேல் கருணை ஊன்றிவிட்டேன். கை கழுவும்போது மனசு நிறைவாக இருந்தது. அந்த நிறைவை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

மூன்றாம் நாள் வந்த அக்கா மண்மேட்டைத் தடவிப் பார்த்தாள்.

"நல்லா அணைச்சு உட்டிருக்கற கண்ணு. காத்துக்கு சாயாது."

வேர் பட்டதா என்று அன்றைக்கு மட்டும் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் பூ குறைந்தது. அதற்கடுத்த வருஷம் பாய் வந்து அண்ணாந்து பார்த்தார். உச்சிக் கிளையெல்லாம் மொட்டையாக நின்றது. "இந்த வருசம் வேணாம்மா," என்று போய்விட்டார். அக்கா எங்கள் மோட்டார்த் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து ஊற்றினாள். ஊற்றட்டும் என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மரம் முழுசாகப் பட்டுப்போனதும் அக்கா விறகுக்கு ஆள் கூப்பிட்டாள். அவன் வேரோடு சாய்க்கலாம் என்று மண்மேட்டைத் தள்ளினான். வெட்டுக்கள் சுற்றிலும் தெரிந்தன. கறுத்துப்போயிருந்தாலும் மம்மட்டி வெட்டு மம்மட்டி வெட்டுதான். அக்கா குனிந்து ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தாள். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். பதிலுக்குப் பேச என் வாயும் தயாராகத்தான் இருந்தது.

அவள் விறகு வெட்டியிடம், "தரையோட அறுத்துக்கப்பா. வேரத் தோண்டாத," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"வேரு மண்ணுக்குள்ள இருக்குது கண்ணு. மண்ணு உங்களுது."

அந்த வாரமே பிறந்த ஊருக்குப் போனவள் திரும்பவில்லை. அங்கே அடுத்தவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள் என்று கேள்விப்பட்டோம்.

தக்காளிக்கு ஏர் பூட்டிய அன்று பத்தடி போவதற்குள் மாடுகள் நின்றுவிட்டன. என் வீட்டுக்காரர் குனிந்து கொழுவைப் பார்த்தார். வரப்பில் நின்ற என்னிடம், "வேரு பட்டுது புள்ள," என்றார்.